பதினாறு குழாய் பலாக்கொட்டை

9 ஜூன், செவ்வாய்

மாலையில் மழை. பிறகு மறுபடி புழுக்கம். இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் குமரனிடம். அவருக்குக் காலை ஷிஃப்ட்.

தருணுக்கு ஏழு மாதம். போத்தல் பால் இன்றும் வேண்டாம். மூன்று தடவை துப்பினான். இளைக்கிறானோ? நாளை கிளினிக்கில் கேட்க. வாங்க: டயப்பர், மிளகுத்தூள்.

மதியம் ஐனாவின் மெசேஜ், மலாயில். கோலாலம்பூர் ஆய்வகத்தில் எனக்குப் பின் சேர்ந்த மலாய்ப் பெண். ஃபிரீசர் பழுது, புதியதில் இடம் குறைவு. யாருடையது என்று தெரியாத பெட்டிகளை வெள்ளி மதியம் எறிகிறார்கள். கூடவே ஒரு படம். பதினாறு சின்னக் குழாய்கள், மூடியெல்லாம் என் தமிழ்க் கையெழுத்து.

"அக்கா, இது உங்களோடதா? இந்த எழுத்த இங்க யாராலயும் படிக்க முடியல."

பதில் போடவில்லை. என்னுடையது என்றால் அடுத்த கேள்வி வரும்: எப்போது திரும்பி வருகிறீர்கள்? மாதக் கடைசியோடு விடுப்பு முடிகிறது. பிஎச்டி பாதியில். போத்தலைத் தொடாத பிள்ளையை விட்டுவிட்டு எப்படி?

10 ஜூன், புதன்

நல்ல வெயில். கிளினிக். எடை சரியாம். நர்ஸ் மிஸ்ஸி சிரித்தாள். "அவன் கொழுகொழுன்னுதான் இருக்கான். நீங்கதான் இளைச்சுட்டீங்க லா."

டயப்பர் மறந்தேன்.

நாள் முழுக்க அந்தக் குழாய்ப் படம்தான் மனசில். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் கிளை கிளையாகச் சர்க்கரை. தேநீரில் போடுவது அல்ல, சங்கிலியாகக் கோத்தது. புற்றுநோய் வந்தால் அந்தக் கிளைகள் மாறிப்போகும். எப்படி மாறுகின்றன, அதுதான் என் ஆராய்ச்சி. பார்க்க வேண்டுமானால் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் வேண்டும். ஆர்டர் செய்தது மாதக்கணக்கில் வரவில்லை. பலாக்கொட்டையிலேயே அது இருக்கிறது என்று படித்தேன்.

அம்மாவுக்கு சுங்கை ரம்பாயில் பழக்கடையில் வேலை. பலா உரித்து உரித்துக் கையெல்லாம் பிசின். கொட்டை வேண்டும் என்றேன். பழ லாரியில் கோலாலம்பூருக்கு மூன்று கிலோ வந்தது, தினசரித்தாளில் சுற்றி. தோலுரித்து, அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, குளிர் அறையில் இரண்டு ஸ்வெட்டரோடு நின்று வடிகட்டி... அந்த வாசனை! ஆய்வகமே கல்யாண வீட்டுச் சமையல்கட்டு. பச்சைச் சாயம் ஏற்றி, செல்லில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். செல்லின் ஓரம் முழுக்கப் பச்சை. தனியாக நின்று கைதட்டினேன்.

மீதிப் புரதத்தைப் பதினாறு குழாயில் அடைத்து, வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக மூடியில் தமிழில் எழுதி வைத்தேன். கெட்டிக்காரத்தனம். இப்போது யாருக்கும் தெரியாமல் குப்பைக்குப் போகப் போகிறது.

கைதட்டிய அன்றிரவு அம்மா போனில்: "அம்புட்டுக் கொட்டையும் என்னடி பண்ண?"

"குழம்பு வச்சேம்மா." விளக்கச் சோம்பல். இன்றுவரை அதுதான் அவளுக்குத் தெரிந்த கதை.

11 ஜூன், வியாழன்

மேகமூட்டம். அம்மா பஸ்ஸில் வந்தாள், எங்கள் பாயா ரும்புட் வீட்டுக்கு, கையில் நங்கா, பலாப்பழம்தான். பிள்ளை வழக்கம்போல் போத்தலைத் தட்டிவிட்டான். அம்மா சின்னக் கரண்டியை எடுத்தாள். நான் பம்ப் செய்து வைத்த தாய்ப்பால்தான். பதினொரு கரண்டி. துப்பவில்லை! எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சாப்பிடும்போது குமரன் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "அத்தை, இவ ஆராய்ச்சிய விடலாமான்னு பாக்குறா. லேப்லேந்து மெசேஜ் வந்துருக்கு, பதிலே போடல."

படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டினாள். அம்மா 1. அம்மா 2. மூடி மூடியாக எழுத்துக் கூட்டிப் பதினாறு வரைக்கும் படித்தாள்.

"இதென்னடி, என்னைய எழுதி வச்சிருக்க?"

சொன்னேன். கொட்டை, அரைத்தது, பச்சை வெளிச்சம். புற்றுநோயையும்.

"அப்ப கொழம்பு?"

"வைக்கலம்மா."

"அடிப்பாவி! கடையில அத்தன பேருகிட்டயும் சொன்னேனேடி, எம்மவ மூணு கிலோவுக்குக் கொழம்பு வச்சு லேப்புக்கே சோறு போட்டான்னு!" குமரன் சிரித்துப் புரை ஏறினார். அம்மா சிரிக்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதையா தூக்கிப் போடப் போறானுங்க? வாயில என்ன கொழுக்கட்டையா உனக்கு? என்னுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பிள்ளை?"

"பதினோரு கரண்டி குடிச்சான்ல. கடையில சொல்லிட்டு வாரத்துல மூணு நாளு இங்க வந்து இருக்கேன். நீ போ."

எல்லாரும் தூங்கியாயிற்று. இன்னும் பயம்தான். தமிழில் எழுதிப் பார்க்கிறேன், பிறகு இங்கிலீஷில் மாற்றி புரொஃபசருக்கு இப்போதே அனுப்ப:

புரொஃப், அந்தப் பெட்டி என்னுடையது. எல்லா மூடியிலும் ஒரே சொல், 'அம்மா', பிறகு எண். உள்ளே பலாக்கொட்டைப் புரதம்; கொட்டை என் அம்மா அனுப்பியது. எறிய வேண்டாம். ஜூலையில் வருகிறேன். வாரம் மூன்று நாள்தான் முடியும், சம்மதமா? பால் பம்ப் செய்யப் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும். நாளை மதியம் ஃபிரீசரைக் காலி செய்கிறார்கள். தயவு செய்து அதற்குள் பதில் போடுங்கள்.