நான் சொல்லாமல் மூடாதே

1959, மே 11, திங்கள்
பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை வார்டில் நூற்று மூன்று டிகிரி. தலைக்கு மேல் தகரம். மின்விசிறி கேட்டு நர்சு நான் எழுதி இரண்டு வருஷமாகிறது. போன வாரம் காய்ச்சலில் போன மூன்று பிள்ளைகளுக்கும் ‘கிருமி’ என்று எழுதினார் டாக்டர். வெக்கை என்று எழுத அவருக்குக் கை வராது.

மே 12
சண்முகவள்ளிக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை. ஆண், மூன்றரை ராத்தல். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். துணைக்கு அவள் அக்கா பொன்னழகு, வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி.

மே 13
மத்தியானம் போய்ப் பார்த்தால் பொன்னழகு சன்னலைச் சாத்தி, பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறாள். உடம்பு கொதிக்கிறது.
“பச்ச உடம்புக்குக் காத்து ஆகாதும்மா” என்றாள்.
எனக்கு வந்ததே கோபம். “பிள்ளைய அவிச்சுக் கொல்லப் போறியா?” வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டிலிருந்த வெட்டிவேர்த் தட்டியைக் கொண்டுவந்து சன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தேன். “இது காயக் கூடாது. நான் சொல்லாம சன்னல மூடக் கூடாது.” அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மே 15
காய்ச்சல் விட்டது. பஞ்சில் நனைத்துச் சொட்டினால் பால் இறங்குகிறது. “நீங்க சொன்னதுதாம்மா சரி” என்றாள் பொன்னழகு. கர்வமாகத்தான் இருந்தது.

மே 17, ஞாயிறு
பூசை முடிந்து சின்னாளபட்டியில் தம்பி பவுல்ராஜ் வீடு. மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை, கொட்டு கொட்டென்று. வெக்கை தணிந்தது, பிள்ளைகள் பிழைத்தன என்று சொல்லி, போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மே 18
சண்முகவள்ளியின் கட்டில் காலி.
மழை பிடித்ததும் மற்றவர்கள் எல்லாரும் சன்னலைச் சாத்தினார்களாம். பொன்னழகு மட்டும் விடவில்லையாம். சாரல் உள்ளே அடிக்க அடிக்க, தட்டி காயாமல் தண்ணீரும் தெளித்தாளாம். டூட்டியிலிருந்த ஆரோக்கியம்மாள் பிரசவ அறையை விட்டு வர முடியவில்லை. ஆறு மணிக்கு வந்து தொட்டால் பிள்ளை சில்லிட்டுக் கிடந்ததாம்.
பொன்னழகு வாசலில் உட்கார்ந்திருந்தாள். “நீங்க வந்து மூடச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா.”
என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.
மழை வந்தா மூடு — ஒரு வார்த்தை. ஏன் சொல்லல? அம்புட்டுக் கத்துனேனே, அத மட்டும் ஏன் சொல்லல?

மே 24
தட்டியை அவிழ்த்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

ஜூன் 3
நான்காம் கட்டிலில் புதுப் பிள்ளை, நாலு ராத்தல். குல்லா, கம்பளி, சாத்திய சன்னல். வார்டில் நூறு டிகிரி. பிள்ளையின் அத்தை, “தொறக்கணுமா நர்சம்மா?” என்று கேட்டாள்.
“ஒங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.