சரஸ்வதி பூசைக்கு வைத்த துப்பாக்கி

சட்டன், இங்கிலாந்து,
19 ஒக்டோபர்

அன்புள்ள மருமகன் றஜீவனுக்கு,

மாமி மகாதேவி எழுதுவது. நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சாப்பிடுகிறோம். என் மகள் சிவரூபினி வேலைக்கும், உங்கள் மகள் ஜதுர்ஷிகா பல்கலைக்கழகத்துக்கும் போய்வருகிறார்கள். போக இடமில்லாத நான் அவர்கள் இருவரையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. நண்பர் கமலநாதனின் கடையில் ஆள் பற்றாக்குறை, இன்னும் கொஞ்ச நாள் கிளாஸ்கோவில் நிற்கவேண்டும் என்று உங்கள் மனைவிக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறீர்கள். நான் கமலநாதனுடன் பேசினேன். கடையில் ஆட்கள் போதியளவு இருப்பதாகவும், நீங்கள் பின்னறையில் ஏற்கெனவே அடுக்கிய பெட்டிகளை மறுபடியும் அடுக்குவதாகவும் சொன்னார். பொய் சொல்ல வராத நண்பனிடம் ஒளிந்திருப்பது அவ்வளவு புத்தியான காரியமல்ல. இந்த விலாசமும் அவர் தந்ததுதான். அவரைக் கோபிக்க வேண்டாம்.

மாமி மருமகனுக்கு நேரே கடிதம் எழுதுவது நமது குடும்பங்களில் வழக்கமில்லை. இத்தனை வருடங்களாக ஒரே கூரையின்கீழ் இருந்தும் நாம் இருவரும் பேசியதெல்லாம் சிவரூபினி வழியாகவே. நான் அதே அறையில் கதிரையில் இருக்கும்போதே, "அம்மா தேத்தண்ணி குடிச்சிட்டாவோ எண்டு கேளும்" என்று அவளிடம் சொல்வீர்கள். நானும் அவளிடமே, குடித்தாயிற்று என்று சொல்லு என்பேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இப்போது சொல்லவேண்டியது அவள் வழியாகச் சொல்லக்கூடியதல்ல.

முதலில் துப்பாக்கியைப் பற்றி.

கார்களுக்கு ரயர் மாற்றும் உங்கள் கடைக்கு வந்துபோகும் பண்ணைக்காரர் ஹார்ட்லி, முயல்கள் தன்னுடைய வயலில் நட்ட கோவாக் கன்றுகளை அடியோடு தின்று முடிக்கின்றன, வந்து சுட்டுத் தாருங்கள் என்று கேட்டபோது நீங்கள் அடைந்த மகிழ்ச்சியைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் ஒரு வெள்ளைக்காரர் உங்களைத் தன் நிலத்துக்கு வரும்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் காற்றுத் துப்பாக்கி வாங்கப்போவதாகச் சிவரூபினி சொன்னபோது எனக்கு விருப்பமில்லை. ஆயினும், கிழமையில் நாலு நாள் கோழி தின்னும் வீடு முயலுக்காக இரங்குவது போலித்தனம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

பெட்டி வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தீர்கள். நான் அறிவுறுத்தல் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். இரசாயனம் படித்தவள், படிப்பித்தவள். புத்தகத்தை வாசிக்காமல் ஒரு பொருளைத் தொடுவதை நான் யாரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. நீங்கள் புத்தகத்தைக் கேட்கவேயில்லை. துப்பாக்கி கைக்கு வந்த கணத்தில் குழல் நிலத்தைப் பார்த்துத் திரும்பியது. குழலை அடியில் மடித்து, உள்ளே ஈயச் சன்னம் எதுவும் இல்லை என்று பார்த்தீர்கள். சுட்டுவிரல் விசைக்குள் போகாமல் பக்கத்தில் நேராக நீண்டிருந்தது. இவையெல்லாம் புத்தகத்தில் எச்சரிக்கைகளாகத் தடித்த எழுத்தில் இருந்தன. நான் அந்தப் பக்கத்துக்கு வருமுன்னரே உங்கள் கைகள் அதை முடித்துவிட்டன. ரயர்க் கடையில் இதைப் பழக்குவதில்லை.

ஆகவே நீங்கள் முதலில் அறியவேண்டியது இதுதான்: விஜயதசமி காலையில் என்னிடம் நீங்கள் எதையும் வெளிப்படுத்திவிடவில்லை. எனக்குப் பெட்டி திறந்த அன்றே தெரியும். உண்மையில், கல்யாணப் பேச்சின்போதே ஒரு சந்தேகம் இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து இரண்டு வருடங்கள் வவுனியாவில் மாமா வீட்டிலிருந்து படித்ததாகச் சொன்னீர்கள். ஒரு வீட்டில் இரண்டு வருடம் இருந்த மனிதன் அந்தக் கிணற்றைப் பற்றியோ, அந்த வீட்டு மாமியின் சமையலைப் பற்றியோ ஒரு தடவையாவது குறை சொல்லியிருப்பான். நீங்கள் ஒரு குறையும் சொன்னதில்லை.

அதன் பின்னர் நீங்கள் அந்தத் துப்பாக்கியை வேட்டைக்குத் தயார் செய்த விதத்தை நான் யன்னலோரம் இருந்து பார்த்தேன். தொழிற்சாலையில் பூசிவிட்ட பசையைத் துணித் துண்டுகளால் குழலுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து, கடைசித் துண்டு வெள்ளையாக வரும்வரை எடுத்தீர்கள். குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பூட்டும்போது ஒரு பக்கத்துத் திருகாணியை முற்றாக முறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினீர்கள். எந்தச் சன்னம் இந்தக் குழலுக்கு ஒத்துவரும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியுமென்று பல வகைச் சன்னங்களை வாங்கி வைத்தீர்கள். தோட்டத்துக் கோடியில், செங்கல் சுவருக்கு முன்னால் மணல் நிரப்பிய பெட்டி வைத்து, அதில் மட்டையொன்றை ஒட்டி, சிறு நாணயமளவில் ஒரு வட்டம் கீறினீர்கள். ஏன் இவ்வளவு சின்னதாக என்று ஜதுர்ஷிகா கேட்டாள். முயலின் தலையில் அந்த வட்டத்துக்குள் பட்டால் அது அறியாமலே செத்துப்போகும், வெளியே பட்டால் பற்றைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கிடந்து சாகும், எல்லாச் சன்னமும் உள்ளே விழும்வரை பண்ணைப் பக்கம் போவதில்லை என்றீர்கள். நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டேன். அதைச் சொல்லும்போது உங்களுடைய குரல் முயலைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கவில்லை.

இனி, அந்த வெடிச்சத்தத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் என்னவென்று நீங்கள் அறியாமலே போய்விட்டீர்கள்.

சரஸ்வதி பூசைக்கு, வீட்டில் தொழிலுக்குப் பயன்படும் பொருட்களையெல்லாம் சிவரூபினி படத்துக்கு முன்னால் வைப்பாள். ஜதுர்ஷிகாவின் மடிக்கணினி, தன்னுடைய தையல் மெசின், உங்களுடைய ஸ்பனர் செட். இந்த வருடம் துப்பாக்கியும் போனது. சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிறகு, தையல் மெசினின் மூட்டுகளுக்கு விடுவதுபோல், விளக்குக்கு வார்த்து மிஞ்சிய நல்லெண்ணெயை, குழலை மடித்துத் தெரிந்த துவாரத்துக்குள்ளும் நன்றாக விட்டிருக்கிறாள். புதுச்சாமான், கிறீச்சிடாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். அந்தத் துவாரத்துக்குள் எண்ணெய் விடக்கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. நான் வாசித்திருந்தேன், ஆனால் பூசையறைப் பக்கம் போகும் பழக்கம் எனக்கு இல்லை. சுருள்வில் பாய்ந்து காற்றை நெருக்கும்போது உள்ளே எண்ணெய் இருந்தால் அது டீசல் எஞ்சினில் எரிவதுபோல் எரிந்து வெடிக்கும். வேறொன்றுமில்லை. நீங்கள் கேட்ட சத்தம் ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

பூசைக்கு வைத்த பொருளை விஜயதசமி அன்று கையில் எடுத்து வேலை தொடங்குவது முறையென்பதால் அன்று காலை எல்லோரும் தோட்டத்துக்கு வந்தோம். ஜதுர்ஷிகா முதல் வெடியைப் போனில் படமெடுத்தாள். காற்றுத் துப்பாக்கி ஒரு தும்மலளவு சத்தம்தான் போடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தீர்கள். அது உண்மையான துப்பாக்கியைப்போல் வெடித்தது. நீலப் புகை வந்தது.

அடுத்து நடந்ததை நான் எழுதத்தான் வேண்டும். நீங்கள் அதை வேறு விதமாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். "படு. எல்லாரும் படு. தலையைத் தூக்காதே" என்றீர்கள். அந்தக் குரலை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் தோளில் கைபோட்டு ஈரப் புல்லில் அமத்தினீர்கள். மூக்குக்கண்ணாடி எங்கேயோ போனது. ஒரு மருமகன் மாமியைத் தொட்டதும் ஒருமையில் பேசியதும் நமது ஊரில் வருடக்கணக்காகப் பேசக்கூடிய விடயம். எனக்கு அதில் ஒரு குறையுமில்லை. என்னுடைய உயிரைக் காப்பாற்ற நினைத்தவரிடம் நான் மரியாதை பார்ப்பதில்லை. நான் கவனித்தது உங்கள் கைகளை. நீங்கள் பாராமலே அவை குழலை மடித்து அடுத்த சன்னத்தைப் போட்டுவிட்டன. பிறகுதான் உங்களுக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிந்தது. சன்னத்தை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் புல்லில் முட்டையை வைப்பதுபோல் வைத்தீர்கள்.

அப்போது ஜதுர்ஷிகா சிரித்தாள். அவள் இங்கே பிறந்தவள். அப்பா பகிடி விடுகிறார் என்று எண்ணினாள். சிவரூபினி சிரிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, இதெல்லாம் எங்க பழகினனீங்கள்?" என்று கேட்டாள்.

நீங்கள் கையைக் கழுவிவிட்டு மேலே போனீர்கள். அடுத்த நாள் காலை கிளாஸ்கோவுக்குப் போய்விட்டீர்கள்.

உங்களைப் பயப்படுத்தக்கூடிய விடயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஜதுர்ஷிகா எடுத்த படம் யாருக்கும் போகவில்லை. என் முன்னிலையில் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழிக்கச் செய்தேன், எனக்கு அவ்வளவு தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்; எண்ணெய் எரிந்த கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போனார். குரோய்டனில் அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பத்தின்போது அதிகாரிகளிடம் நீங்கள் என்ன சொன்னீர்களோ எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அங்கே முழு உண்மையையும் சொன்ன ஒருவரையேனும் சந்திக்க எனக்கு ஆவலுண்டு, இதுவரை கிடைக்கவில்லை.

பதினெட்டு வயதில் நீங்களாக இயக்கத்துக்குப் போனீர்களா, கொண்டுபோனார்களா என்றும் நான் கேட்கப்போவதில்லை. என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிலர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவர்களைப் பற்றியும் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் யாராவது உயிரோடு வந்து இப்படி ஒரு வட்டம் கீறிக்கொண்டு நின்றிருந்தால் நான் கேள்வி கேட்டிருக்கமாட்டேன்.

சிவரூபினி துப்பாக்கியைக் கவுன்சில் குப்பைத் தளத்தில் போடப்போனாள். தான் விட்ட எண்ணெய்தான் காரணமென்று நான் விளங்கப்படுத்தியதிலிருந்து அவளுக்கு அதன் முகத்தில் விழிக்க ஏலாமல் இருக்கிறது. நான் விடவில்லை. ஜதுர்ஷிகாவும் நானும் அதைத் துடைத்தோம். குழலை மடிக்க எனக்குப் பலம் காணாது. அவள் மடித்துத் தந்தாள், நான் சுட்டேன். முதலில் ஒவ்வொரு வெடிக்கும் புகை வந்தது. எண்ணெய் எரிந்து முடிந்ததும் நின்றுவிட்டது. இறுக்கிப் பிடித்தால் சன்னம் கண்டபடி போகிறது, கையில் சும்மா இருக்க விட்டால் ஒரே இடத்தில் விழுகிறது. அந்த ஒரே இடம் வட்டத்துக்கு இடப்பக்கம். அதைத் திருத்தும் ஸ்கோப்பின் திருகாணியில் நாங்கள் கைவைக்கவில்லை, அது உங்கள் வேலை. ஹார்ட்லி இருமுறை உங்கள் ரயர்க் கடைக்கு வந்து விசாரித்திருக்கிறார். சுட்டுக்கொண்டிருந்தபோது, அன்று தான் சிரித்திருக்கக்கூடாது என்று உங்கள் மகள் சொன்னாள். ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால், ஓம், சிரித்திருக்கக்கூடாதுதான் என்றேன். இதை அவள் உங்களிடம் சொல்ல விரும்புகிறாள். போனில் சொல்ல விருப்பமில்லை என்கிறாள்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதக் காரணமான விடயம். நேற்றுப் பின்னேரம் சிவரூபினி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், என் கட்டிலில் வந்து இருந்தாள். நீங்கள் வவுனியாவில் இருக்கவில்லை என்பது அவளுக்கு எப்போதிருந்து தெரியுமென்று நான் கேட்கவில்லை. கணவனின் முதுகில் உள்ள தழும்பைப் பார்க்காத மனைவி இல்லை. பிறகு கேட்டாள்:

"அம்மா, அவர் திரும்பி வந்தா நான் எதைக் கேக்கக்கூடாது?"

உங்களைத் துரத்திய கேள்வியைக் கேட்டவளும் இவள்தான். அன்று தோட்டத்தில் அவள் கேட்டது குற்றம் பிடிக்க அல்ல என்பதை, இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பதில் தெரிந்தவர் கிளாஸ்கோவில் பெட்டி அடுக்குகிறார் என்று சொன்னேன். அழுதாள். நான் அவளுடைய கோட்டைக் கழற்றிக் கொழுவினேன்.

வந்து பதில் சொல்லுங்கள். ஒன்றையுமே கேளாதே என்று சொன்னாலும் போதும், அவள் கேட்கமாட்டாள். நான் பெற்ற பிள்ளை, அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் அந்த ஒரு வசனத்தை நீங்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நான் மாமி; கட்டளையிட எனக்கு உரிமையில்லை. ஆகவே கேட்கிறேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் கேட்கிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுளிடம் எனக்குச் செல்வாக்குக் கிடையாது. எனவே இந்த ஆசீர்வாதத்தை எனது சொந்தப் பொறுப்பிலேயே தருகிறேன். நீண்ட காலம் இருங்கள், தம்பி. இந்த வீட்டில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமி
மகாதேவி