கழுவி வந்த டப்பா

மார்ச் 4, செவ்வாய்

தடுப்பூசி போடப் போன இடத்தில் எடை பார்த்தார்கள். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கிறது. "ஒன்றரை வயசுக்கு இது பத்தாது. வீட்ல என்னம்மா குடுக்கறீங்க?" என்றார் நர்ஸ். என்ன கொடுக்கவில்லை? பருப்புச் சோறு குழைத்து, முட்டை அவித்து, காரட் மசித்து டப்பாவில் அடைத்து, பிள்ளையையும் டப்பாவையும் கீழ் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஓடுகிறேன். சாயங்காலம் டப்பா பளிச்சென்று காலியாக வருகிறது. தின்றதெல்லாம் எங்கேதான் போகிறது? அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

இவரிடம் சொன்னால், "நம்ம கொசு எப்பவும் ஒல்லிதானே" என்று சிரிக்கிறார். கொசுவாம்! பெற்ற பிள்ளைக்கு வைத்த பேரைப் பார்.

மார்ச் 5

டப்பா காலி.

மார்ச் 7, வெள்ளி

முட்டையைக் கூட்டி வைத்தேன். அதுவும் காலி. என்னிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு வாய் வைத்தால் துப்புகிறாள் — சுவரில், சட்டையில், என் முகத்தில். "அம்மா குடுத்தா மட்டும் கசக்குதாடி?" என்று கத்தியே விட்டேன். அவள் அழ, நானும் அழ, இவர் போனில் ஏதோ பொம்மைப் படத்தைப் போட்டு அவள் முன்னால் வைத்தார். அவ்வளவுதான் இவர் உபகாரம். அக்கா கையில் சமர்த்தாகச் சாப்பிடுகிறாளே என்று எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கேகூட மறைப்பானேன்.

மார்ச் 10, திங்கள்

கரண்ட் போய் லென்ஸ் வெட்டும் மெஷின் நின்றதில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் பெண் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். அக்கா என் டப்பாவைக் குப்பைக் கூடைக்கு மேல் கவிழ்த்து ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தார். நான் தூக்கத்தை விட்டு எழுந்து குழைத்த சோறு!

வாய்க்கு வந்தபடி பேசினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் என்ன பண்ணட்டும்? ஊட்டுனா துப்புறா. மொத வாரம் மிச்சத்தோட குடுத்தேன். படியில நின்னு, 'பாத்துக்கறேன்னுட்டு இப்படியா'ன்னு மூஞ்சியத் தூக்குனே. மத்த வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. மானமே போச்சு. அதான் கொட்டிட்டு, கழுவிக் குடுத்தேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்கற ஆளா நீ?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். கோபம் போகவில்லை. பிஸ்கட்டா? இத்தனை நாளும் வெறும் பிஸ்கட்டா?

மார்ச் 11

லீவு. பிள்ளை பார்க்க வேறு ஆள் தேடி அலைந்தேன். ஒரு இடமும் இல்லை. "அக்காகிட்டயே பேசேன்" என்கிறார். ஏன், இவர் பேசினால் வாய் வலிக்குமோ? போகச் சொன்னேன். போய் வந்து, "பிஸ்கட் கெடையாது. டப்பாவக் கழுவாம தருவாங்க. ஆனா நீ மூஞ்சியத் தூக்கக் கூடாதாம்" என்றார். எனக்குக் கண்டிஷன்!

மார்ச் 12

டப்பா அப்படியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிக்கா" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

சோறு தொட்ட அடையாளமே இல்லை. மசித்த காரட்டும் அப்படியே. ஆனால் முட்டையில் குட்டிப் பல் பதிந்திருந்தது. கடித்திருக்கிறாள்! மசித்துக் குழைத்ததெல்லாம் வேண்டாமாம், மகாராணிக்குக் கடிக்க வேண்டுமாம். இது தெரியாமல் எத்தனை நாள் குழைத்தேன். கழுவி வந்த டப்பாவில் என்ன தெரியும்?

மார்ச் 20

உதிரிச் சோறு, வேகவைத்த உருளைத் துண்டு, முட்டை. ஊட்ட வேண்டாம், முன்னால் வையுங்கள் என்றேன். பாதி அவள் வயிற்றில், பாதி அக்கா வீட்டுத் தரையில். "பெருக்கறது நான்ல" என்று அக்கா முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

முள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கொஞ்சம்தான். ஆஸ்பத்திரி இப்போதைக்கு வேண்டாம் என்றார் நர்ஸ். "நம்ம கொசு ஏறிடுச்சா?" என்றார் இவர். திட்ட மறந்துவிட்டேன்.

இன்றும் டப்பாவில் கால்வாசி மிச்சம். மூடியெல்லாம் சோறு காய்ந்து ஒட்டியிருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த அக்கா கொஞ்சம் தண்ணீராவது ஊற்றி வைத்திருக்கக் கூடாதா? நாளைக்குக் கேட்க வேண்டும்.

வேண்டாம். கேட்க மாட்டேன்.