மஞ்சுவின் லீவு லெட்டர்கள்

மாசி, வெள்ளிக்கிழமை. நான் பிறந்த கோவளத்தில் கடல் ஏறி வலைக்கொட்டகையை இழுத்துப்போன வருடம். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசிப் பதிந்து வைக்கிறேன்.

ஹாஸ்டலில் இருக்கிற பேத்தி மஞ்சு, "படூர் காலேஜ் வேணாம், நம்ம வீடு இருக்கிற செங்கல்பட்டுக்கே மாத்திடு தாத்தா" என்று ஐந்து மாதமாக அழுகிறாள். முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளும் அழும் என்று இருந்துவிட்டேன். இன்று விசாரிக்கப் போனேன்.

ஆபீசில் இருந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னா பெரியவரே, ஒரே வூட்ல இத்தினி சாவா?"

மஞ்சு கொடுத்த லீவு லெட்டர்களை வாசித்துக் காட்டினாள். கார்த்திகையில் அத்தை செத்தாளாம். மார்கழி முதல் வெள்ளியில் அப்பன். அன்று காலேஜ் லீவு என்று வீட்டுக்கு வந்தவளுக்கு அவன்தான் வஞ்சிரம் வாங்கி வந்தான். தை பிறந்து எட்டாம் நாள் அம்மா. அன்று அவள்தான் இவளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னால் பேத்தி மாட்டிக்கொள்வாள். வீட்டுக்கு வர இவ்வளவு செய்தாளா?

"டீ.சி. குடுத்துடும்மா, செங்கல்பட்டுலயே படிக்கட்டும்" என்றேன்.

"கையெழுத்து போட வூட்ல மிச்சம் யாரு கீறாங்க?"

அந்த லெட்டர்களில் அவள் சாகடிக்காத ஒரே ஆளின் பேரைச் சொல்லிக் கட்டைவிரலை நீட்டினேன். மாணிக்கம், தாத்தா.