இரண்டாவது நிராமயா

12 ஜூன் 1967

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. புதுப் பதிவேட்டில் பெயர் எழுதினேன். காத்தான் என்று இரண்டு பேர், பக்கிரி மூன்று, குப்பு நான்கு. எங்கள் தெருவில் பேர் வைக்கும்போதே பிள்ளையைக் குனிய வைத்துவிடுகிறார்கள். என் அப்பா மட்டும் என்னவோ துணிந்து செல்லதுரை என்று வைத்தார். 'துரை' இவனுக்கு எதற்கு என்று பண்ணை ஆட்கள் 'செல்லா' என்றே கூப்பிட்டார்கள். நான் வாத்தியாராகி வந்த பிறகும் அப்படித்தான்.

அம்சத்துக்கு ஆறாம் மாதம். முதல் இரண்டும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நானும்தான். இருவரும் அதைப் பேசுவதில்லை.

11 ஜூலை

லீவு போட்டு அம்சத்தைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. மேசைமேல் இருந்த பலகையில் 'நிராமயா' என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு பேரைக் கேட்டதே இல்லையே என்றேன்.

"யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. ஆமயம்னா சம்ஸ்கிருதத்துல நோய். நிராமயான்னா நோயில்லாதவ. எங்கப்பா வைத்தியர், அதான் ஆசையா வச்சிட்டார். காலேஜ்ல எல்லாரும் நிர்மலான்னே கூப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னொரு நிராமயாவ நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றார்.

எல்லாரும் நோயில்லாமல் இருக்கட்டும் என்று பழைய வேண்டுதல் ஒன்று இருக்கிறதாம். அதில் வருகிற சொல்லாம். பெண் பிறந்தால் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வைங்க, ரெண்டு பேராயிடுவோம்" என்று சிரித்தார்.

பஸ்ஸில் மன்னார்குடி வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4 செப்டம்பர்

வலி முந்திக்கொண்டது. வீட்டிலேயே பிறந்துவிட்டது. பெண். இரண்டு பேரும் சுகம்.

13 செப்டம்பர்

அம்சம் விடமாட்டேன் என்கிறாள். தங்காத பிள்ளைகளுக்குப் பின்னால் பிறந்ததைக் குப்பைமேட்டில் முறத்தில் கிடத்த வேண்டுமாம். பக்கத்து வீட்டு வேம்பக்கா அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கி, குப்பு என்று பேர் வைக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம்.

"ரெண்டப் பறிகொடுத்தாச்சுங்க. பேரு எப்படி இருந்தா என்ன? இவ இருந்தா போதும்."

முடியாது என்றேன். வாத்தியார் வீட்டிலேயே தவிட்டுப் பிள்ளையா? கொஞ்சம் அதட்டித்தான் சொல்லிவிட்டேன். பச்சை உடம்புக்காரியிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

20 செப்டம்பர்

என்னோடு வேலை பார்க்கும் இராஜாங்கம் கட்சிக்காரர். ஆட்சி மாறியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் இல்லை. "மாநிலத்துக்கே தமிழ்நாடுன்னு பேர் வைக்கத் தீர்மானம் போட்டாச்சு. நீங்க போயி வடமொழியத் தேடி எடுத்துட்டு வர்றீங்களே சார்" என்று வருத்தப்பட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வச்சு அனுபவிச்சவங்க வேண்டாம்னு விடலாம் சார். எங்களுக்கு எப்பக் குடுத்தாங்க, நாங்க விடுறதுக்கு?"

அவர் நல்ல மனுஷர். நாளைக்கு நானே போய்ப் பேச வேண்டும்.

25 செப்டம்பர்

பிறப்பைப் பதிய கிராம முன்சீப் தியாகேசன் வீட்டுக்குப் போனேன். பேரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உங்க தெருவுல யாரு வாயில இது நுழையும்? பண்ணை வீட்டிலயே இல்லாத பேரு. பெண்ணுன்னு போட்டா போதும். சட்டம் அவ்வளவுதான் கேக்குது."

பேர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். சண்டை பிடித்திருக்கலாம். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். வணக்கம் எதற்குச் சொன்னேன்?

14 ஜனவரி 1969

பொங்கல். இன்றுமுதல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர். இராஜாங்கம் மிட்டாய் கொண்டுவந்தார். பிள்ளையைத் தூக்கி "நிராமயா" என்று முழுசாகக் கூப்பிட்டார். முதல் தடவை.

3 மார்ச் 1970

இரண்டரை வயது. யார் கேட்டாலும் பேர் சொல்கிறாள். கேட்காவிட்டாலும் சொல்கிறாள். தபால்காரரிடம் சொன்னாள். ஆட்டிடம் சொன்னாள். 'ரா'வில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போகிறாள். வேம்பக்கா விளையாட்டுக்கு வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் திமிர் அப்படியே வந்திருக்கிறது. உள்ளுக்குள் எனக்கு ஏக சந்தோஷம்.

2 அக்டோபர்

குறுவை அறுப்பு நின்றுவிட்டது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே வயலில் இறங்கவில்லை. பண்ணையார் பஞ்சநதம் வெளியூர் ஆட்களை இறக்கியிருக்கிறார். வாய்க்கால் பாலத்தில் அடிதடி. போலீஸ் வந்துவிட்டது. பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

5 அக்டோபர்

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. நாளைக்குள் சரியாகிவிடும்.

6 அக்டோபர்

கண் சொருகுகிறது. மன்னார்குடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் கார் இருப்பது பண்ணை வீட்டில் மட்டும்தான். போகிறேன்.

11 அக்டோபர்

போய்விட்டாள். அன்றைக்கே. மன்னார்குடி போகிற வழியில், காரில்.

13 அக்டோபர்

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பண்ணை வீட்டு வாசலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பஞ்சநதம் வெளியே வந்தார். அறுப்பு நின்ற கோபம் முகத்தில் இருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எந்தப் பிள்ளைடா இது?"

"குப்புங்கய்யா" என்றேன்.

யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவர் பேரே கேட்கவில்லை. என் மகள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெரிய பேரைச் சொன்னால் கார் கிடைக்காதோ என்று பயம் — வாய் தானாகக் குனிந்துவிட்டது. அவர் அந்த நிமிஷமே டிரைவரைக் கூப்பிட்டுச் சீக்கிரம் போ என்றார். நிராமயா என்று சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார். இப்போது தெரிகிறது.

அம்சம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு ஓடியிருந்தாள். அவளுக்காகக் காத்திருக்கவில்லை. நான்தான் காரை எடுக்கச் சொன்னேன். பாலம் தாண்டும்போது தோளில் பிள்ளை ஏதோ முனகினாள். காதைக் கொண்டுபோனேன்.

"நான் குப்பு இல்லப்பா."

அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பாவி. நானெல்லாம் ஒரு வாத்தியார்.

15 அக்டோபர்

அம்சம் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்க வேண்டாம்னு சொல்லியும் அவளத் தவிட்டுக்கு வித்தேங்க. நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்ப. வேம்பக்காகிட்டக் குடுத்துட்டுத் திருப்பி வாங்கினேன். ஆனா குப்புன்னு கூப்பிடணும்ல, அதுக்கு மட்டும் வாய் வரல. நீங்க கூப்பிடுற பேரே எனக்கும் புடிச்சுப்போச்சு. ஒரே ஒரு நாள் கூப்பிட்டிருந்தா இருந்திருப்பாளோ என்னவோ."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு நாள் கூப்பிட்டாயிற்று அம்சம். அன்றைக்குத்தான் போனாள். எப்படிச் சொல்வேன் இதை?

16 அக்டோபர்

தஞ்சாவூர் டாக்டரம்மாவுக்குக் கார்டு எழுதினேன். 'மறுபடியும் நீங்கள் ஒருவர்தான்.' அதற்குமேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டேன்.

19 அக்டோபர்

சொல்லிவிட்டேன். வாசலில் நின்றது, நான் சொன்ன பேர், காரில் அவள் சொன்னது, எல்லாம். அம்சம் என்னை அடிப்பாள் என்றிருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளேவா சொன்னா? அந்த உடம்போடயா?"

"ஆமா."

"எப்படிச் சொன்னாளோ அதே மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை சொன்னேன். அப்புறம்தான் அழுதாள். ஆறாம் தேதியிலிருந்து இன்றைக்குத்தான் அழுகிறாள். நானும் அழுதேன்.

22 அக்டோபர்

இறப்பைப் பதிய முன்சீப்பிடம் போனேன். அம்சம் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை.

தியாகேசன் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். நான்காம் தேதி, பெண், கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "செத்ததுக்குப் பேர் போட்டாகணும் சார்" என்றார். என்னை அவர் சார் என்றது இதுதான் முதல் தடவை.

நான் பேசுவதற்குள் அம்சம் முன்னால் போய் நின்றாள்.

"நிராமயா. தகப்பன் பேரு செல்லதுரை."

அவர் எழுதினார். அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு மை காயும்வரை நின்றாள். பிறகு நடந்தோம். பாலம் வந்தது. அம்சத்துக்குப் படிக்கத் தெரியாது.

"சரியா எழுதியிருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றேன்.