மச்சினன் வரைந்த கார்

ஜனவரி 9, வியாழன்

காரின் முன் கிரில்லின் பட்டைகளைப் படுக்கைவாட்டிலிருந்து செங்குத்தாக மாற்றி வரைந்து முடித்தேன். இதற்குப் பெயர் புது மாடல். விளம்பரத்தில் 'முற்றிலும் புதியது' என்று வரும். உள்ளே இருப்பது நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வயசாகிவிட்ட அதே வண்டி. டிசைன் பிரிவில் இத்தனை வருஷமாக நான் அந்தக் கிழவிக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் மச்சினன் வந்தான், புது காரில். அவன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனி போன மாதம் மார்க்கெட்டில் விட்ட சின்ன கார். ஹாரன் கேட்டதும் என் மனைவி செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். நானும்தான் தினம் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறேன். "கேட்டைப் பூட்டிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

மகள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "அப்பா, சத்தமே வரலப்பா! நம்ம கார்ல டமார்னு விழும்ல?"

"அத்தான் கம்பெனி கதவு கெட்டிம்மா, அதான்" என்றான் மச்சினன், பெருந்தன்மையாக. கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்தப் பெருந்தன்மைதான் தாங்கவில்லை.

இவனை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். பென்சில் சீவுவதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஒருநாள் அங்கே போய்விட்டான்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் அவள் பக்கத்து வீட்டம்மாவிடம் "என் தம்பி வரைஞ்ச கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கிரில்லைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. கிரில்லைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது வேறு.

ஜனவரி 20, திங்கள்

ஆலையின் பின்மைதானத்தில் விற்காத வண்டிகள். பம்பர் உயரத்துக்குப் புல். ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமானபோது பணம் கட்டியவருக்குக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போதுதான் எங்கள் வண்டி கைக்கு வரும். கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் கும்பிட்டு வாங்கிப் போனார்கள். வேறு வண்டி கிடையாதே.

கேன்டீனில் இதே பேச்சு. "வெளிநாட்டுக்காரனுக்கு என்னிக்குக் கதவைத் திறந்துவிட்டாங்களோ, அன்னிக்கே நம்ம கதை முடிஞ்சுது" என்றார் ஸ்டோர் கீப்பர். யூனியன் தலைவர் எகிறினார்: "லாபத்தையெல்லாம் எடுத்து முதலாளி ஹோட்டல் கட்டினாரே, அது உங்க கண்ணுல படலையா?" வெல்டர், "தகடு அடிக்கிற அச்சு தேஞ்சு எத்தனை வருஷமாச்சு? சப்ளைக்காரனுக்குப் பாக்கி வெச்சா அவன் கதவுக்கு நல்ல ரப்பரையா குடுப்பான்?" என்றான்.

நான் ஸ்டோர் கீப்பர் பக்கம் சேர்ந்து சத்தமாகப் பேசினேன். கதவைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்றால், மச்சினனுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை, பாருங்கள்.

ஆனால் எனக்கே தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்பு சின்ன கார் ஒன்றை நான் களிமண்ணில் முழு அளவில் செய்து வைத்தேன். டைரக்டர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "அழகாத்தான்யா இருக்கு. வாங்குறவன் வரிசைல நிக்கும்போது எதுக்கு இந்தச் செலவு?" மாடலின்மேல் துணியைப் போர்த்தினோம். போர்த்தியது போர்த்தியதுதான். அன்று துணியின் மறுமுனையைப் பிடித்தவன் மச்சினன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லோரும் மச்சினனைச் சுற்றி. மாமனார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்க கம்பெனி இன்னும் இருக்கா மாப்ளே?" குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம்.

"காரோட பின்பக்கம் முழுக்க நான் வரைஞ்சதுதான்" என்றான் மச்சினன். "உன் பின்பக்கம்தான்டா இப்ப ஊரெல்லாம் ஓடுது" என்று அவன் சித்தப்பா சொல்ல, கூடமே சிரித்தது. நான் ஜன்னல் வழியே வாசலில் நின்ற காரைப் பார்த்தேன். பின்கண்ணாடி சரிகிற அந்த வாட்டம் — பின்சீட்டில் இருப்பவரின் தலை இடிக்காமலிருக்க நான் களிமண்ணில் தூக்கிவிட்ட வாட்டம். அது என்னோடது. என்னோடதேதான்.

திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். "உன் தம்பி வரையல. என்கிட்டேருந்து திருடினான்."

"வண்டிய நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இறங்கி வீடுவரை நடந்தே வந்தாள். நான் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வந்தேன். மகள் பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தத்தோடு வந்தது.

பிப்ரவரி 8, சனி

மச்சினன் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். என் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு. விற்பனைப் பெண் இனிமையாகக் கேட்டாள்: "இப்ப என்ன வண்டி சார் வெச்சிருக்கீங்க?"

"வண்டியெல்லாம் இல்லம்மா. பஸ்தான்."

சொன்னபிறகுதான் உறைத்தது. எனக்குச் சோறு போடுகிற வண்டியை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து கையை விரித்துச் சாண் போட்டு அளந்தேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாட்டம் இல்லை அது. என்னுடையதில் மழை பெய்து டிக்கியைத் திறந்தால் அத்தனை தண்ணீரும் சாமான்மேல் கொட்டும். இவன் கண்ணாடிக்குக் கீழே சின்னதாக ஒரு மடிப்பு விட்டிருக்கிறான். தண்ணீர் ஓரத்தால் வழிந்து போய்விடும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குத் தோன்றவேயில்லை.

திருடியிருக்கக் கூடாதா, பாவி? திருடியிருந்தால் என்னிடம் திருடுகிற அளவுக்கு ஏதோ இருந்தது என்றாவது ஆகியிருக்கும். அவன் என்னைவிட நன்றாக வரைகிறான் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 9, ஞாயிறு

அவளிடம் 'தப்பாச் சொல்லிட்டேன்' என்று சொல்லவேண்டும். வாய்வரை வருகிறது. விழுங்கிவிடுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். இந்த மாதத்தோடு கார் உற்பத்தி நிறுத்தம். யூனியன் தலைவர் நோட்டீஸைக் கிழிக்கக் கையை ஓங்கினார், பிறகு அவரே நின்று கடைசி வரிவரை படித்தார். வெல்டர் தன் முகமூடியைக் கழற்றாமலேயே நின்றான். அழுதானோ என்னவோ.

வீட்டில் சொன்னதும் அவள் ஒரு மாதம் கழித்து முதல் தடவையாகப் பேசினாள். "சாப்பிடுங்க மொதல்ல."

மார்ச் 16, ஞாயிறு

மச்சினன் வந்தான். அக்கா சொல்லியிருக்கிறாள், நான் அவனைத் திருடன் என்றதை. "அத்தான், ஒரு ரவுண்டு போலாம் வாங்க" என்று கூட்டிப்போனான். முதல்முறையாக அந்தக் காரில் ஏறினேன். சீட் நன்றாக இருந்தது. எரிச்சலாக இருந்தது.

ஆற்றுப்பாலத்தருகே நிறுத்தினான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். "ஷோரூம் போய்ப் பாத்தேன். என்னோடது இல்ல. தண்ணி வழியறதுக்கு மடிப்பு விட்டிருக்க பாரு, அது ரொம்ப நல்லாருக்கு. எனக்கு வராது அது."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"அத்தான், நீங்க இப்படிச் சொல்லாம திட்டியிருந்தீங்கன்னா நான் பேசாமப் போயிருப்பேன். இப்ப இருக்கிற கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனப்ப என் டிராயிங்கப் பாத்துட்டு, 'இதையெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்ட'ன்னு கேட்டாங்க. உங்களைச் சொன்னேன். 'அவரையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்குமே வேலை இருக்கு'ன்னாங்க. நான்... அவரு அந்தக் கம்பெனிய விட்டு வரமாட்டாருன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்கவே இல்ல."

"ஏன்டா?"

"நீங்க வந்தா நான் மறுபடியும் உங்க மச்சினன்தான். நம்ம கம்பெனில எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிட்டாங்க? பேரே கிடையாது எனக்கு. 'அவரு மச்சினன்.'"

கீழே ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடியது. "வண்டிய எடு" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேற்று வீடு திரும்பியதும் எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது! அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். இத்தனை வருஷமும். மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "என்ன, இன்னிக்குப் பசி?" என்றாள் அவள்.

கோபம் இன்று காலை பல் தேய்க்கும்போது வந்தது. கிரில் பட்டைகளைப் படுக்கப்போட்டு நிமிர்த்தி நான் கழித்த வருஷங்கள் எல்லாம் — அவன் சொன்ன ஒரு வாக்கியத்தினால்.

கேட்டிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கவேண்டியது என்னை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வேலை தேடித் திரிந்துவிட்டு வந்தேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "அந்தப் பழைய கார் கம்பெனியா சார்?" அசிங்கமாகப் பார்க்கிறார்கள், என்னமோ நான்தான் அவர்களை வரிசையில் நிற்கவைத்த மாதிரி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஆற்றாமையில் சொன்னாள்: "அப்பவே தம்பி மாதிரி நீங்களும் துணிஞ்சு போயிருக்கலாம். அவனுக்கு இருந்த துணிச்சல் உங்களுக்கு இல்லாமப் போச்சு."

நாக்கு நுனியில் நின்றது. ஒரே வாக்கியம். சொன்னால் அவளுடைய அருமைத் தம்பி அந்த இடத்திலேயே தரைமட்டம். ஜென்மத்துக்கும் எழுந்திருக்கமாட்டான். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைத் திட்டும்போதுகூடத் தம்பி என்ற சொல்லில் அந்த முகம் லேசாக மலர்ந்துவிடுகிறது.

"மோர் ஊத்து" என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சொல்லியிருக்கலாமோ?

மே 5, திங்கள்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. முதலாளி பெரிய மீசைக்காரர். நான் சேர்ந்த அன்றே பஸ்ஸின் படிக்கட்டைக் காட்டினார். "கிழவிங்க ஏறும்போது கால் சறுக்குது. என்னய்யா பண்ணலாம்?" பேப்பரை எடுத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

என் படிக்கட்டோடு முதல் பஸ் வெளியே போனது. மகளைக் கூட்டிப்போய் ஏற்றி இறக்கினேன். "நல்லாருக்குப்பா" என்றாள். "மாமா கார் அளவுக்கா?" என்று கேட்டு வைத்தேன். புத்தி போகுமா?

ஜூலை 20, ஞாயிறு

சில நாளாகவே அவள் போனில் தம்பியோடு பேசவில்லை. வாசலில் அவன் கார் ஹாரன் கேட்டும் வெளியே வரவில்லை. அவன் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். கேட்டதற்கு, மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அவன் எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டான். உங்களுக்கு மார்ச்சுலேயே தெரியுமாம்ல? துணிச்சல் இல்லைன்னு அன்னிக்கு அப்படிப் பேசினேனே, அப்பகூட ஏன் வாயத் தொறக்கல?"

"தெரியல" என்றேன்.

அவளுக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பாதி அதுதான். இன்னொரு பாதி — சொல்லாதவரை அவன் என்னைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டே இருப்பான். அது எனக்குப் பிடித்திருந்தது.

"இனிமே அவன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு பேச்சுக்காக ஜனவரியில் நான் எதையும் கொடுத்திருப்பேன். இன்று கேட்க நன்றாக இல்லை. அடுப்படியே வெறிச்சென்று இருந்தது.

நானே அவன் நம்பரைப் போட்டு அவள் காதில் வைத்தேன். முதலில் தள்ளிவிட்டாள். பிறகு அழுதாள். பிறகு திட்டினாள். பிறகு, என்ன சொன்னானோ, சிரித்தாள். வாய்விட்டு.

என்னோடு பேசும்போது இப்படிச் சிரிக்கிறாளா இவள்? கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன், அதைத் தொடர்ந்து ஆய்ந்தேன்.

"உங்களைக் குடுக்கச் சொல்றான்" என்று போனை நீட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.