சிவப்புக் கோடு போட்ட விலை

பிப்ரவரி 28, வெள்ளி

கடை திறக்கும் முன் நாற்பத்தொரு பொருள்களுக்கு விலை ஏற்றினேன். ஏற்றியது என் கை, முடிவு மேலாளருடையது. எதற்கும் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரைச்சிரிப்பு. "நாலு வாரத்துல தள்ளுபடி ஆரம்பிக்குதும்மா, இப்பவே ஏத்திடுங்க" என்று பட்டியலை நீட்டினார். நாலு வாரம் இந்த விலையில் நின்றால்தான் பிறகு அதைச் சிவப்புக் கோட்டால் அடித்துப் "பழைய விலை" என்று போட முடியும். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

நேற்றுவரை இருபத்திரண்டாயிரத்துக்கு நின்ற வாஷிங் மெஷின் இன்று முப்பதாயிரம். தள்ளுபடியில் இருபது சதவீதம் கழித்து இருபத்துநாலாயிரம். வாங்குகிறவர் ஆறாயிரம் மிச்சம் பிடித்தோம் என்று வீடு போய்ச் சேர்வார். உண்மையில் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்திருப்பார். வேறு கடையில் விசாரிக்கலாம் என்றால் அந்த மாடல் எண் எங்கள் கடைக்கென்றே அடித்து வருவது.

ஆறு வருஷமாகச் செய்கிறேன். பழகிவிட்டது.

மார்ச் 3, திங்கள்

அக்கா போன் செய்தாள். மணிக்கட்டு வலிக்கு டாக்டர் இனிமேல் துணியே பிழியக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "உங்க கடையில தள்ளுபடி எப்போடி? மெஷின் வாங்கணும். அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடறேன்." எந்த மெஷின் என்று கேட்டேன். போன மாதம் வந்தபோதே பார்த்து வைத்திருக்கிறாள். அதேதான்.

"மாசக் கடைசியிலக்கா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன்?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். ஈரப் போர்வையைக் குழாயில் மாட்டி, இரண்டு முனையையும் முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, உடம்பையே திருப்பி முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டாக்டர் கையாலதானே பிழியக் கூடாதுன்னாரு?" என்று சிரித்தாள். மிச்சத் துணியை நான் பிழிந்து போட்டேன்.

தள்ளுபடி முடியட்டும், விலை பழையபடி இறங்கும், அப்போது வாங்கு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கூடத்தில் அத்தான் இருந்தார். அவர் காதில் விழுந்தால் தெருவுக்கே தண்டோரா போட்டுவிட்டு, நேரே கடைக்கு வந்து சண்டைக்கு நிற்பார். விலை விஷயம் வெளியே போகக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். போன வருஷம் மாமியாரிடம் சொன்ன பெண்ணை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்காவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

ஒருவர் சின்ன நோட்டோடு வருகிறார். இரண்டு மாதமாகவே வருகிறார். மாடல் எண்ணையும் விலையையும் குறித்துக்கொள்வார், ஒன்றும் வாங்காமல் போய்விடுவார். அரைச்சிரிப்புக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மூலையில் பக்கவாட்டில் கீறல் விழுந்த ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் கீறல் தெரியவே தெரியாது. இந்தக் கடையில் நிஜமாக விலை குறைந்திருப்பது அது ஒன்றுதான் என்று அந்த நோட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது.

சொல்லவில்லை. அக்காவிடமும் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தள்ளுபடி முதல் நாள். நல்ல கூட்டம். பதினொரு மணிக்கு அக்கா வந்து நின்றாள், தனியாக. "தீர்ந்துடப் போகுதுன்னு ஓடி வந்தேன்டி." கிடங்கில் இன்னும் முப்பது பெட்டி கிடக்கிறது.

அரைச்சிரிப்பு என் பக்கத்திலேயே இருந்தார். "உங்க அக்காவா? வாங்கம்மா. தங்கச்சியையே கேளுங்களேன், விலை எப்படின்னு."

அக்கா என்னைப் பார்த்தாள். "சொல்லுடி. எடுக்கலாமா?"

நல்ல விலைதான்க்கா.

இதுதான் நான் சொன்னது. வேறு யாரும் என் வாய்க்குள் புகுந்து சொல்லவில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு கைப்பையைத் திறந்தாள். சே — கூடப் பிறந்தவகிட்ட! நாலு வாரமா என்னத்தைப் பண்ணிட்டு இருந்தே நீ? ஒரு போன் பண்ண முடியலையா? ஒரே ஒரு போன்?

மார்ச் 30, ஞாயிறு

மெஷின் வந்து இறங்கிவிட்டதாம். "சத்தமே இல்லடி" என்கிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பில்லைக் குப்புற வைத்துவிட்டுப் பையைத் துழாவினார். பின்பக்கம் பொடி எழுத்தில் நாலு விதிகள். மூன்றாவது: வாங்கிய பதினைந்து நாளுக்குள் இதே கடையில் விலை குறைந்தால் வித்தியாசம் திருப்பித் தரப்படும்.

தலைமை அலுவலகம் எப்போதோ போட்டது. இதைக் கேட்டு ஒருவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. யார் பில்லைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? தினமும் கையில் பிடிக்கிற நானே பார்க்கவில்லை.

தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அக்காவுக்குப் பன்னிரண்டாம் தேதிவரை நேரம் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

மறுபடி இருபத்திரண்டாயிரம். ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். மதியம் மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பில்லு எங்கேயோ போயிடுச்சுடி. போனாப் போகுது, விடு" என்றாள்.

என் அக்காவா? பத்து வருஷத்துக்கு முந்தைய கரண்ட் பில்லைக் கேட்டாலும் எடுத்து நீட்டுகிறவள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் காகிதங்கள் வைக்கும் பையைத் திறந்தால், பில் மேலாகவே இருக்கிறது. "தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னே?"

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இதைக் கொண்டுபோய் நீட்டினா, யாரு சொல்லிக் கொடுத்தான்னு அந்த மனுஷன் கேக்க மாட்டாரா? ரெண்டாயிரத்துக்காக உன் வேலையில கை வைப்பேனா?"

சரி, அன்றைக்கு ஏன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"உன் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, விலை சரியில்லன்னு. நான் வேணாம்னு திரும்பிப் போயிருந்தா அவரு உன்னைத்தானே மொறைச்சிருப்பாரு? அதான் எடுத்துட்டேன்."

பொய் சொன்னது நான். தெரிந்தே அதை வாங்கிக்கொண்டது அவள். மடித்து வைத்த துணிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். கிளம்பும்போது பில்லை அவளிடம் கேட்காமலேயே என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

கடை திறந்ததும் பில்லின் பின்பக்கம் தெரியும்படி அரைச்சிரிப்பின் மேஜையில் வைத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். "உங்க அக்காவுக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?"

"நான்தான் சார் சொன்னேன். நாமளே அச்சடிச்சுக் கொடுத்திருக்கோம், ரகசியம் இல்லையே." குரல் ஒழுங்காக இருந்தது.

தலைமை அலுவலகத்தோடு அரைமணி நேரம் பேசினார். பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் எனக்குக் கிடங்கில் வேலை, பெட்டி இறக்குகிற இடத்தில். ஸ்டிக்கர் மெஷினை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்தேன். அவளுக்குப் பில்லின் பின்பக்கத்தையும் காட்டினேன்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். "பணம் வந்துடுச்சுக்கா."

"வேலை இருக்காடி?" என்றாள்.

இருக்கு என்றேன். அதற்கப்புறம்தான் ரெண்டாயிரமும் முழுசா வந்துச்சா என்று கேட்டாள்.